கூட்டினால் எட்டு

ஜூலை 3, புதன்

கார் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். எழுதி வைத்தால்தான் எனக்கு எதுவும் நடக்கும். பள்ளிக்கூடத்தில் ஸ்போர்ட்ஸ் டே நடத்துவதும் இப்படித்தான்.

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி பிள்ளைகள் இருவருக்கும் காலேஜ் திறக்கிறது. தூத்துக்குடி பைபாஸில் இருக்கிறது. எங்கள் ஊர் ஏரலில் இருந்து பஸ்ஸில் போனால் முக்காணியில் இறங்கி மாற வேண்டும். ஜெபினைப் பஸ்ஸில் தனியாக அனுப்ப மாட்டேன். என் ஸ்கூட்டியின் பின்னாலும் ஏற்ற மாட்டேன். பெனிட்டா கார் ஓட்டுவாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து போவான். ரெட்டைப் பிள்ளைகள், ஒரே காலேஜ், ஒரே வண்டி. அவளுக்கு மே மாதமே லைசென்ஸ் வாங்கியாயிற்று.

இந்த வீட்டில் ஓட்டப்போவது பொம்பளைப் பிள்ளைதான். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு டிராக் பேன்ட் போட்டு மைதானத்தில் ஓடவிட்ட பி.டி. டீச்சர் நான். அந்த வாய்களெல்லாம் எனக்குப் பழக்கம்.

கையில் இருப்பது ஒன்றரை லட்சம். புது வண்டிப் பேச்சே இல்லை.

ஜூலை 4, வியாழன்

பிள்ளைகளின் அப்பா மஸ்கட்டில் இருந்து பேசினார்கள்.

“கார் வாங்கு, நல்லதுதான். பய ஏன் ஓட்டலன்னு என் தம்பி எட்வினு கேப்பான்லா. என்ன சொல்லுவ?”

“டெஸ்ட்டுல பெயிலாயிட்டான்னு சொல்லுதேன்.”

“ம். அப்படியே சொல்லு. தம்பிக்குக்கூடத் தெரியாண்டாம்.”

எது தெரிய வேண்டாம் என்று இங்கே பேர் சொல்லி எழுதப் போவதில்லை. பத்தாம் வகுப்பு லீவில் ஆரம்பித்தது. போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் ஜெபின் விழுந்து கைகால் வெட்டி இழுத்தபோது கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஒரு சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில் திணித்தார்கள். வெயில் மயக்கம் என்று சொல்லி ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். மாத்திரையை நாகர்கோவிலில் வாங்குகிறேன். ஏரல் மெடிக்கலில் வாங்கினால் நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி தெரு முழுக்கப் போய்விடும். ஸ்டியரிங் பக்கமே விடாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நாளைக்குப் பெனிட்டாவுக்குக் கல்யாணத்துக்கு ஒரு இடம் பார்க்க வேண்டாமா? அவ்வளவுதான் விஷயம்.

ஜூலை 7, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் எட்வினைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடி போனோம். எட்வின் என் கொழுந்தன், உரக்கடை வைத்திருக்கிறான். கார் விஷயத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைப்பு. மற்றபடி தங்கமான மனுஷன், கூப்பிட்டால் கடையைப் பூட்டிவிட்டு வருவான்.

பைபாஸில் ஒரு பழைய கார் விற்கிற இடம். சிவப்பு வண்டி ஒன்று தகதகவென்று நின்றது. எட்வின் அதைச் சுற்றிச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தான். டயரை உதைத்து என்ன தெரிந்துகொள்வார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

“சிங்கிள் ஓனர் டீச்சர். மெட்ராஸ் டாக்டர் வச்சிருந்த வண்டி. அலுங்காம குலுங்காம ஓட்டினது” என்றார் விற்கிறவர்.

உள்ளே மல்லிகை சென்ட்டைக் குடம் குடமாக ஊற்றியிருந்தார்கள். பெனிட்டா கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். விட்டபடியே நின்றாள்.

“யம்மா, இங்க வாயேன். நம்ம பீரோ வாசம் அடிக்கி.”

நானும் தலையை விட்டேன். சென்ட்டுக்கு அடியில் அதே நாற்றம். போன டிசம்பரில் ஊரையே முக்கிய வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் பீரோவுக்குள், மெத்தைக்குள், பிள்ளைகளின் புத்தகத்துக்குள் மாதக்கணக்கில் அடித்ததே, அது. ஏரல்காரர்களுக்கு அந்த நாற்றம் செத்தாலும் மறக்காது. ஜெபின் சீட் பெல்ட்டை விடாமல் கடைசிவரை இழுத்தான். அடியில் ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பு. ஸ்டெப்னியைத் தூக்கினான். கீழே காய்ந்த களிமண்.

“அது பீச்சுக்குப் போன மண்ணு டீச்சர்” என்றார் அவர்.

“பீச்சு மண்ணு இப்படிப் பாளம் பாளமா வெடிச்சா கெடக்கும்? தண்ணிக்குப் பயந்து மொட்டை மாடியில உக்காந்திருந்தவ நான். எனக்கே வெள்ளத்தை விக்கப் பாக்கியளா?”

திரும்பும்போது எட்வின் ஜெபினின் முதுகில் தட்டினான். “கில்லாடில நீ! லைசென்ஸ் எப்பம் எடுக்கப் போற?”

“டெஸ்ட்டுல பெயிலாயிட்டான்” என்று நான் முந்திக்கொண்டேன்.

ஜெபின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜூலை 9, செவ்வாய்

லாங் ஜம்ப் குழிக்கு இன்னும் மணல் வரவில்லை. ஹெச்.எம். அறையில் சத்தம் போட்டேன். நாளைக்கு வருமாம்.

ஜூலை 12, வெள்ளி

பெனிட்டாவுக்குக் கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் இடம் கிடைக்கிற அளவுக்கு ரேங்க் வந்திருக்கிறது. எப்போது அதற்கு எழுதிப்போட்டாள் என்றே எனக்குத் தெரியாது. ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம்.

“சும்மாதாம்மா போட்டுப் பாத்தேன்” என்றாள்.

சும்மா என்றால் சரி. ரெண்டு பேரும் ஒரே காலேஜ் என்று ஏற்கெனவே பேசி, அவளும் தலையாட்டியாயிற்று. ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. மாதாமாதம் வருகிற வயிற்று வலியாக இருக்கும். வெந்தயம் ஊறப் போட்டிருக்கிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

திருச்செந்தூரில் ஒரு வண்டி. எட்வினுக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. பெரிய வண்டி, டீசல், உள்ளே பாட்டு கேட்கிற செட் வேறு. “ஏறி உக்காந்தா ராஜா மாதிரி இருக்கு மைனி!” என்றான். எனக்கு ராஜா வேண்டாம், பிரேக் பிடித்தால் போதும் என்றேன்.

மீட்டரில் இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர் காட்டியது. நான் குனிந்து பெடலைப் பார்த்தேன். கிளட்ச் ரப்பரில் வரி ஒன்றுகூட மிச்சமில்லை, தேய்ந்து கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது. டிரைவர் சீட் ஒரு பக்கம் அமுங்கிக் கிடந்தது.

“இருபத்தெட்டாயிரத்துக்கே இப்படித் தேயணும்னா ஓட்டினது மனுஷனா யானையா?” என்று கேட்டேன். புரோக்கர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

ஜெபின் அதற்குள் பானெட்டைத் திறந்து ஆயில் மூடியைக் கழற்றி விரலால் தடவிக் காட்டினான். வெண்ணெய் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. “இஞ்சினுக்குள்ள தண்ணி போவுது சித்தப்பா. தொடாதிய.”

எட்வின் அவனையே பார்த்தான். “எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கான். இந்தப் பய எப்படி மைனி பெயிலானான்?”

“எட்டுப் போடும்போது காலை ஊனிட்டான்.”

“ஏ, அது பைக்குக்குல்லா!”

பெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜெபின் சிரிக்கவில்லை. அவனுக்கு வண்டி என்றால் சின்ன வயதிலிருந்தே உயிர். ஹாரன் சத்தத்தை வைத்து எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்வான். நினைத்தால் தாங்காது. அதனால் நினைப்பதில்லை.

ஜூலை 17, புதன்

மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. தம்பி மாத்திரை போட்டானா என்று பெனிட்டாவிடம் கேட்டேன். “அவன்கிட்டயே கேளும்மா” என்றாள். இவளுக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை.

ஜூலை 20, சனி

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு அம்மா வண்டி விற்கிறார்களாம். போஸ்ட் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர்கள். நாளைக்குப் போகிறோம். காலேஜ் திறக்க ஒரு மாதம்தான் இருக்கிறது. பிடித்திருந்தால் நாளைக்கே முன்பணம் கொடுத்துவிடுவேன்.

ஜூலை 21, ஞாயிறு

இன்று எழுத மனசில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

வண்டி நன்றாக இருந்தது. வெள்ளை, சின்னது, பதினோரு வருஷம் ஆனது. ஜெபின் பானெட்டைத் திறந்து முகர்ந்து, அடியில் படுத்துப் பார்த்து, எழுந்து வந்து “இதாம்மா வண்டி” என்றான். விற்கிற ஆவுடையம்மாள் முட்டி வலிக்காரர்கள், அதனால்தான் விற்கிறார்கள். வேறு யாரும் தொட்டதில்லை, முழுக்க அவர்களே ஓட்டியது. ஐம்பத்திரண்டு வயதில் ஓட்டப் படித்தார்களாம்.

எட்வின் மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். “மைனி, நம்பரைப் பாத்தியளா? நாலு ரெண்டு ஒண்ணு ஒண்ணு. கூட்டினா எட்டு.”

“நாம வேதக்காரங்க. நமக்கென்ன எட்டும் பத்தும்?”

“நமக்கு இல்ல மைனி. நாளைக்கு விக்கப் போனா வாங்க வாரவனுக்கு இருக்குல்லா.”

ஆவுடையம்மாள் காதில் விழுந்துவிட்டது. “அதுக்காவத்தான் டீச்சர் விலையைக் கொறச்சிருக்கேன். வந்தவங்க எல்லாரும் நம்பரைக் கூட்டிப் பாத்துட்டு, காப்பியக் குடிச்சிட்டுப் போயிட்டாங்க. எனக்கு இத்தனை வருஷத்துல ஒரு கீறல் விழல.”

வேண்டாம் என்று எல்லாரும் ஒதுக்கியதால்தான் என் கைக்கு வந்திருக்கிறது. வாங்குவது என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தேன். ஆர்.சி. புக், இன்சூரன்ஸ் பார்க்க வீட்டுக்குள் போனேன். பெனிட்டாவும் கூட வந்தாள். ஜெபினும் எட்வினும் வெளியே வண்டியோடு நின்றார்கள்.

காப்பி தம்ளரைக் கையில் வாங்கியிருப்பேன், வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. எட்வின்தான் ஓட்டுகிறான் என்று நினைத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்த பெனிட்டா “யம்மா!” என்று கத்தினாள்.

தம்ளரை எங்கே போட்டேன் என்று தெரியாது. செருப்பில்லாமல் தெருவில் ஓடினேன். வண்டி தெருமுனைக் கோயில் வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. ஓரத்தில் பிள்ளைகள் கோலி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை. நடுத்தெருவில் இரண்டு கையையும் விரித்து நின்றேன். வண்டி மெதுவாக வந்து என் முன்னால் நின்றது. ஜெபின் இஞ்சினை அணைத்தான், இறங்கினான். முகம் வெளுத்திருந்தது. மறுபக்கம் இறங்கிய எட்வினுக்கு வாயெல்லாம் பல்.

“பய அருமையா ஓட்டுதான் மைனி! இவனையா பெயிலாக்கினானுவ?”

“சித்தப்பா, நான் டெஸ்ட்டுக்கே போகல” என்றான் ஜெபின். “எனக்கு வலிப்பு உண்டு. ரெண்டு வருஷமா மாத்திரை சாப்பிடுதேன். நான் இதுல உக்காந்திருக்கவே கூடாது.”

குழாயடியில் பெண்கள் நின்றார்கள். இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தார். என் பிள்ளை உயிரோடு, முழுசாக என் முன்னால் நிற்கிறான். என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? “ஏல, சத்தம் போடாத. ஆளுங்க நிக்காங்க.”

“இத்தனை நாளா சத்தம் போடாமத்தானம்மா இருந்தேன். ‘அக்கா ஓட்டப் பக்கத்துல உக்காந்து போறியே, வெக்கமா இல்லியால, ஏறு’ன்னு சித்தப்பா சொன்னாரு. பதில் சொல்ல என்கிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணு. அதைச் சொல்லக் கூடாதுன்னுட்ட. நான் என்ன செய்ய?” கோலி விளையாடுகிற பிள்ளைகளைக் காட்டினான். “அந்தா நிக்கானுவல்லா, அவனுவளைப் பாத்ததும்தான் வண்டியத் திருப்பினேன்.”

எட்வின் வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். “மைனி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா? நான்லா வம்பு பண்ணி அவனை ஏத்தினேன்.”

உள்ளே போய் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். வண்டி வேண்டும். அதில் மாற்றமில்லை.

ஜூலை 22, திங்கள்

லீவு.

ஜூலை 23, செவ்வாய்

ஊருக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என் தோளைத் தொட்டு “ஒண்ணும் கவலைப்படாதிய” என்றாள். ஒன்றும் இடிந்து விழவில்லை. அவள் அக்கா மகளுக்கும் உண்டாம். இத்தனை வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்து தயிர்சாதம் தின்றிருக்கிறோம், அவளும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

சாயங்காலம் வீட்டில் பெரிய சண்டை. ஜெபின்தான் ஆரம்பித்தான்.

“பெனிட்டா கோயம்புத்தூர் போவட்டும்.”

“நீ சும்மா இருல” என்றாள் அவள்.

“நான் ஏன் சும்மா இருக்கணும்? இவ எனக்கு டிரைவரா? நாலு வருஷம் என்னையத் தூக்கிச் சுமக்கணுமா? ராத்திரி எல்லாம் அந்தக் காலேஜ் போட்டோவையே பாத்துட்டிருக்கா, உனக்குத் தெரியுமா?”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. “நான் எப்பம் அவளைப் போகாதன்னு சொன்னேன்? ஒரு நாளாவது சொல்லிருக்கனா?”

பெனிட்டா அழுகிற பிள்ளை இல்லை. கெண்டைக்கால் நரம்பு பிசகியபோதுகூட அழாமல் ரேஸை முடித்தவள். நேற்று அழுதாள்போல, கண் வீங்கியிருந்தது. மெதுவாகத்தான் சொன்னாள்.

“நீ போகாதன்னு சொல்லலம்மா. கார் வாங்குதேன்னு சொன்ன.”

அடுப்பில் பால் பொங்கியது. அதை அணைக்கப் போனவள் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். பொம்பளைப் பிள்ளையை ஓட்ட வைக்கிறேன் என்று ஊரெல்லாம் மார்தட்டினேனே! அவளுக்கு எங்கே போக வேண்டும் என்று நான் கேட்கவேயில்லை.

ஜூலை 25, வியாழன்

முடிவு ஒன்று: பெனிட்டா கோயம்புத்தூர் போகிறாள். அவளை உட்கார வைத்தே சம்மதம் அனுப்ப வைத்தேன்.

முடிவு இரண்டு: ஜெபின் காலேஜ் பஸ்ஸில் போகிறான். பஸ் ஏரலுக்குள் வராது, முக்காணி வரைதான் வரும். காலையில் அங்கே கொண்டுபோய் விட வேண்டும், சாயங்காலம் கூப்பிட வேண்டும். ஸ்கூட்டியில் முடியாது, பின்னால் இருந்து விழுந்தால் என்ன ஆகும்? கார்தான் சரி. காருக்கு ஆள்தான் இல்லை. தினம் ஒரு டிரைவருக்குக் கொடுக்க நான் எங்கே போவேன்? எட்வின் கடையைப் போட்டுவிட்டு எத்தனை நாள் வருவான்? தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

பெனிட்டா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: “நீ ஓட்டேம்மா.”

“எனக்கு நாப்பத்தாறு வயசு.”

“அந்தப் போஸ்ட் மாஸ்டர் அம்மா அம்பத்திரண்டுல படிச்சிருக்காங்க.”

ஜெபின் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் உள்ளே சுருக்கென்றது. பெடல் பார்த்தேன், பெல்ட் பார்த்தேன், மண் பார்த்தேன், நம்பர் பார்த்தேன். எந்த வண்டியிலும் ஸ்டியரிங் முன்னால் நான் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கவில்லை. உட்காரலாம் என்று தோன்றக்கூட இல்லை. ஸ்கூலில் மட்டும் உன்னால் முடியும், உன்னால் முடியும் என்று விசில் ஊதிக்கொண்டிருக்கிறேன்.

முடிவு மூன்று: நான் ஓட்டுகிறேன்.

ஜூலை 29, திங்கள்

எல்.எல்.ஆர். வந்துவிட்டது. வண்டியும் வீட்டுக்கு வந்துவிட்டது. எட்வின்தான் ஓட்டிக்கொண்டு வந்தான். மாலையும் அவனே வாங்கி வந்து போட்டான். நம்பரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஜூலை 31, புதன்

டிரைவிங் ஸ்கூல். மூன்றாவது கியர் என்று நினைத்து முதல் கியரைப் போட்டேன். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பிள்ளைகளின் அப்பாவிடம் சண்டை.

“ஊருக்கெல்லாம் தெரிஞ்சிட்டாமே ரூபி. இனி அவளுக்கு எவன் வருவான்?”

“இதைக் கேட்டு ஓடுதவன் எனக்கு மருமகனா வராண்டாம். நீங்க பிள்ளைகிட்டப் பேசுங்க. டெஸ்ட்டுல பெயிலாயிட்டேன்னு பொய் கேட்டுக் கேட்டு அவன் மனசு விட்டுப்போச்சு.”

பிறகு, “பயகிட்டக் குடு” என்றார்கள். ஜெபின் போனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனான். இறங்கி வரும்போது கண் சிவந்திருந்தது. மாத்திரையை இன்றுமுதல் ஏரல் மெடிக்கலில் வாங்குகிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பெனிட்டாவை ரயில் ஏற்றினோம். எட்வினும் அவன் பெண்டாட்டியும் கூடப் போய் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு வருகிறார்கள். ரயில் நகரும்போது தம்பியைப் பார்த்து “மாத்திரையை மறக்காத மூதி” என்று கத்தினாள். “போடி, உன் மாட்டுச் சாணியப் போய்ப் பாரு” என்றான் அவன். ரயில் போன பிறகு நானும் ஜெபினும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதோம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

கிளம்பிவிட்டோம். எல் போர்டு ஒட்டி, லைசென்ஸ் உள்ள எட்வின் பக்கத்தில், ஜெபின் பின்னால். என் லைசென்ஸ் வரும்வரை தினமும் வருவதாக எட்வின் சொல்லியிருக்கிறான்.

பாலத்தில் ஏறும்போது வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டான். வியர்த்து வழிந்தது. “கிளட்ச்சை மெதுவா விடும்மா, மெதுவா, இப்பம் ஆக்சிலேட்டர்” என்று ஜெபின் பின்னால் இருந்து சொன்னான். கிளம்பியது. லாரிக்காரன் கடந்து போகும்போது என்னவோ சொன்னான். நானும் பதிலுக்கு ஒன்று சொன்னேன். எட்வின் “மைனி!” என்றான்.

முக்காணியில் காலேஜ் பஸ் எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தது. பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஜெபின் பையை மாட்டிக்கொண்டு இறங்கினான். ஏறுவான் என்று பார்த்தால் நேரே டிரைவர் பக்கம் போனான். பஸ்ஸின் இரைச்சலில் பேச்சு காதில் விழவில்லை, வாய் அசைவது மட்டும் தெரிந்தது. நான் கார்க் கண்ணாடியைக் கடைசிவரை இறக்கினேன்.

“எனக்கு வலிப்பு உண்டுண்ணே. மாத்திரை சாப்பிடுதேன், எப்பமாவதுதான் வரும். வந்தா பயப்படாண்டாம், ஒருக்களிச்சுப் படுக்க வச்சாப் போதும், தானா சரியாயிரும்.” படியில் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அவர்களையும் பார்த்தான். “நீங்களும் தெரிஞ்சு வச்சுக்கங்க. எம்பேரு ஜெபின்.”

படியில் நின்ற ஒரு பையன் உள்ளே நகர்ந்து இடம் விட்டான். பக்கத்துப் பூக்கடைக்காரி தொடுப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பூக்கட்டிக் கொடுக்கிறவள், என்னை நன்றாகத் தெரியும்.

“உங்க பையனா டீச்சர்?”

“ஆமா. என் பையன்தான்” என்றேன், பஸ்ஸில் இருக்கிறவர்களுக்கும் கேட்கும்படி.